பெட் ஸ்கேனில் ஒளிராத ஈரல் கட்டி: மரபணு டெஸ்ட்டுக்குப் பணம் கட்டலாமா?

பாலக்கோட்டுப் பையன் (திங்கள், இரவு 9.10)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

என் பெரியப்பாவுக்கு 61 வயது. பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறார், கொஞ்சம் மாந்தோப்பும் இருக்கிறது. குடி, பீடி எதுவும் கிடையாது. 14 வருஷமாக சுகர். போன வருஷம் வேறு எதற்கோ வயிற்று ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் 4 செ.மீ. கட்டி என்றார்கள். அடுத்து பெட் ஸ்கேன். அதில் கட்டி ஒளிரவே இல்லை. "சர்க்கரையை இழுக்கவில்லை, அப்படியென்றால் கேன்சர் கிடையாது" என்று ஸ்கேன் எடுத்த இடத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். நாங்களும் நம்பிக் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்துவிட்டு வந்தோம். இரண்டு மாதம் அப்படியே போய்விட்டது. அப்புறம் இன்னொரு டாக்டர் மருந்து ஏற்றி மூன்று கட்டமாக எடுக்கும் சிடி ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். அதில்தான் ஈரல் புற்றுநோய் என்று உறுதியானது. பெங்களூரில் ஆபரேஷன் முடிந்து இப்போது வீட்டில் இருக்கிறார், சாப்பிடுகிறார், காலையில் தோப்பு வரை நடக்கிறார்.

இப்போது ஒரு ஏஜென்ட் வீட்டுக்கு வந்து போகிறார். எடுத்த கட்டியை வைத்து "வளர்சிதை மாற்ற மரபணு" டெஸ்ட் செய்தால் நோய் திரும்புமா, எத்தனை வருஷம் என்பதெல்லாம் தெரிந்துவிடும் என்கிறார். இந்த வருஷத் தோப்புக் குத்தகைப் பணம் மொத்தமும் அதற்கே போய்விடும். பெரியம்மா கொடுத்துவிடலாம் என்கிறார். நான்தான் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

பெட் ஸ்கேன் ஏன் ஏமாற்றியது? இந்த மரபணு சமாச்சாரம் உண்மையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எனக்கும் போன மாதம் ஃபேட்டி லிவர் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. அதையும் சேர்த்தேதான் கேட்கிறேன்.

காரிமங்கலம் அக்கா (திங்கள், இரவு 9.34)

தம்பி, பெரியப்பா நடக்கிறார் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஈரல் நோய் என்றதும் ஊரில் முதல் கேள்வியே "குடிப்பாரா?" என்பதுதான். குடிக்காத மனுஷனை அந்தக் கேள்வி எவ்வளவு கூனிக் குறுக வைக்கும் என்று நேரில் பார்த்திருக்கிறேன். சுகரும் தொப்பையும் மட்டுமே ஈரலை இந்த நிலைக்குக் கொண்டுவரும், வீட்டில் எல்லாருக்கும் இதைச் சொல்லுங்கள். பணம் எதுவும் இப்போது கொடுக்க வேண்டாம். விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், எழுதுவார்கள்.

ஸ்லைடு பார்ப்பவன் (செவ்வாய், காலை 6.15)

சொந்த ஊர் காவேரிப்பட்டணம், வேலை பெங்களூரில் ஒரு நோய்க்கூறியல் ஆய்வகத்தில். தினமும் ஈரல் ஸ்லைடு பார்க்கிறவன் என்பதால் முதலில் பெட் ஸ்கேன் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். உங்கள் மற்ற கேள்விகளுக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

பெட் ஸ்கேனில் ஏற்றுவது குளுக்கோஸ் மாதிரியே இருக்கும் ஒரு பொருள், அதில் கதிர்வீசும் ஃப்ளோரின் ஒட்டியிருக்கும். செல்லுக்குள் போனதும் ஹெக்ஸோகைனேஸ் என்ற நொதி அதில் ஒரு பாஸ்பேட்டைக் கட்டிவிடும். பாஸ்பேட் கட்டிய சர்க்கரை செல்லை விட்டு வெளியே போக முடியாது. உள்ளேயே சேர்ந்துகொண்டே போகும், அதனால் ஒளிரும். நுரையீரல், குடல் புற்றுகளில் இது நன்றாக வேலை செய்கிறது.

ஈரல் கதையே வேறு. நாம் பட்டினி கிடக்கும்போது ரத்தத்துக்குச் சர்க்கரையை அளந்து விடுவது ஈரல்தான். அதற்காக அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் ஒரு நொதி அதனிடம் உண்டு, பெயர் குளுக்கோஸ் 6 பாஸ்பட்டேஸ். ஈரல் செல்லிலிருந்து பிறந்த புற்று, தாய்ச் செல்லின் குணத்தை இன்னும் விடாமல் வைத்திருந்தால் இந்த நொதியும் அதில் இருக்கும். ஏற்றிய மருந்தின் பாஸ்பேட்டைக் கழற்றி வெளியே அனுப்பிவிடும். கட்டி சுற்றியுள்ள ஈரலோடு ஒரே நிறமாகத் தெரியும். ஈரல் செல் புற்றில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இப்படிப் பெட் ஸ்கேனுக்குத் தப்பிவிடுகின்றன. எனவே ஒளிரவில்லை என்பதை வைத்து "கேன்சர் இல்லை" என்று ஈரலில் சொல்லவே கூடாது. உங்களிடம் அப்படிச் சொன்னது பெரிய தவறு. அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

ஆனால் அதே விஷயத்தில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. ஒளிராத கட்டி பெரும்பாலும் ஈரலின் வேலையை இன்னும் மறக்காத கட்டி. முரட்டுக் கட்டிகள் அந்தப் பாஸ்பட்டேஸை அணைத்துவிடும். ஹெக்ஸோகைனேஸையும் மாற்றிக்கொள்ளும். நல்ல ஈரலில் இருப்பது குளுக்கோகைனேஸ் என்ற நிதானமான வகை. சாப்பிட்டபின் சுகர் 140ஐத் தொடும்போதுதான் அது பாதி வேகத்துக்கே வரும். முரட்டுக் கட்டி அதைக் கைவிட்டு, ஹெக்ஸோகைனேஸ் 2 என்ற வகையைத் திறந்துகொள்ளும். ரத்தத்தில் சர்க்கரை மிகக் குறைவாக இருந்தாலும் அது முழு வேகத்தில் இழுக்கும். 1920களில் ஓட்டோ வார்பர்க் கவனித்தது இதன் விளைவைத்தான்: ஆக்ஸிஜன் தாராளமாக இருக்கும்போதும் புற்று, சர்க்கரையை லாக்டிக் அமிலம் வரை மட்டும் உடைத்துவிட்டு நின்றுவிடுகிறது. ஆற்றல் கொஞ்சம்தான் கிடைக்கும், ஆனால் புதுச் செல் கட்டுவதற்கான கச்சாப் பொருள் கிடைத்துவிடும்.

ஏஜென்ட் சொல்லும் "வளர்சிதை மாற்ற மரபணு" என்பது இதுதான். சோற்றைச் சர்க்கரையாக, சர்க்கரையைக் கொழுப்பாக, புரதக் கழிவை யூரியாவாக மாற்றும் நொதிகளுக்கான மரபணுக்கள். அவற்றில் எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பதுதான் பேச்சு.

ஆபரேஷனுக்குப் பிந்தைய பயாப்சி ரிப்போர்ட் கையில் இருக்கிறதா? அதில் ஹெப்பார் 1, ஆர்ஜினேஸ் 1, குளுட்டமின் சிந்தடேஸ் என்ற வரிகள் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டியை மட்டும் இல்லை, சுற்றியுள்ள ஈரலைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

பாலக்கோட்டுப் பையன் (செவ்வாய், மதியம் 1.20)

ஃபைலைத் தேடி எடுத்தேன் அண்ணே. "ஹெப்பார் 1 பாசிட்டிவ், ஆர்ஜினேஸ் 1 பாசிட்டிவ், குளுட்டமின் சிந்தடேஸ் பரவலாக அழுத்தமான பாசிட்டிவ். ரத்தக்குழாய்க்குள் பரவல் இல்லை. வெட்டு விளிம்பில் கட்டி இல்லை." கீழே: "சுற்றியுள்ள ஈரல்: கொழுப்பு, அழற்சி, நார்க்கட்டு நிலை 3." கடைசி வரியை யாரும் எங்களிடம் படித்துக் காட்டவே இல்லை.

அப்புறம் ஒன்று. மரபணு என்றால் பரம்பரை நோயா? அப்பாவுக்கும் எனக்கும் வருமா?

ஸ்லைடு பார்ப்பவன் (செவ்வாய், இரவு 10.05)

தம்பி, நீங்கள் தட்டச்சு செய்த அந்த மூன்று வரியும் வளர்சிதை மாற்ற மரபணு டெஸ்ட்தான். அதற்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள்.

ஹெப்பார் 1 என்ற சாயம் எந்தப் புரதத்தைப் பிடிக்கிறது என்று ரொம்ப வருஷம் தெரியாமலே எங்கள் துறையில் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஈரல் செல்லைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவு போதும் என்று. 2008இல்தான் அது பிடிப்பது கார்பமாயில் பாஸ்பேட் சிந்தடேஸ் 1 என்று தெளிவானது. ரத்தத்தில் இருக்கும் அமோனியாவை யூரியாவாக்கும் சங்கிலியின் முதல் நொதி. ஆர்ஜினேஸ் 1 அதே சங்கிலியின் கடைசி நொதி. பெரியப்பாவின் கட்டியில் இரண்டும் இருக்கின்றன. அதாவது அந்தக் கட்டி அமோனியாவைச் சுத்தம் செய்யும் ஈரல் வேலையைக் கைவிடவில்லை. முரட்டுக் கட்டிகள் இந்தச் சங்கிலியை மூடிவிட்டு, மிச்சமாகும் நைட்ரஜனை டிஎன்ஏ கட்டத் திருப்பிக்கொள்ளும். ஹெப்பார் 1 சாயமே ஏறாத ஸ்லைடு வந்தால் எங்கள் அறையில் பேச்சு குறைந்துவிடும்.

குளுட்டமின் சிந்தடேஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், எனக்குப் பிடித்த சாயம் அது. நல்ல ஈரலில் அதைப் போட்டுப் பார்த்தால் நீலம் படர்ந்த வயலின் நடுவே, ஒவ்வொரு மைய ரத்தக்குழாயையும் சுற்றி ஒன்றிரண்டு செல் அகலத்துக்கு மட்டும் பழுப்பு வளையம் தெரியும். கிணற்று வாய்க்குக் கைப்பிடிச் சுவர் கட்டிய மாதிரி. ரத்தம் வந்து நுழையும் ஓரத்துச் செல்கள் யூரியா வேலை பார்க்கும். அவற்றுக்குத் தப்பி வரும் அமோனியாவை, வெளியேறும் வாயிலில் நிற்கும் இந்த வளையச் செல்கள் குளுட்டமினாகப் பிடித்துவிடும். பீட்டா கெட்டனின் என்ற மரபணுவில் பிறழ்வு விழுந்த கட்டியில் இந்த ஒழுங்கு போய்விடும், கட்டி முழுக்கவே ஒரே பழுப்பாக இருக்கும். ஈரல் செல் புற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் இந்தப் பிறழ்வு இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் "பரவலாக அழுத்தமான பாசிட்டிவ்" என்பது பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறது. இந்த வகைக் கட்டிகள் பல நேரம் ஈரலின் சாயலை நன்றாக வைத்திருப்பவை, பித்தநீர்கூடச் சுரப்பவை. நோய்ப்போக்கும் ஒப்பீட்டளவில் மிதமாகத்தான் இருக்கும்.

இதை வைத்து "பெரியப்பாவுக்கு இத்தனை வருஷம்" என்று நான் சொல்லமாட்டேன். எந்த ஒற்றைச் சாயமும் அதைச் சொல்லாது. ரத்தக்குழாய்க்குள் பரவவில்லை, விளிம்பு சுத்தம், ஒரே கட்டி: இந்த மூன்றுதான் அந்தக் காகிதத்தில் கனமானவை.

பரம்பரைக் கேள்விக்கு ஓசூர் அக்கா வந்து சொன்னால் நன்றாக இருக்கும், அவர் துறை அது.

ஓசூர்க்காரி (புதன், காலை 7.40)

வந்துவிட்டேன். மரபணுத் தரவுகளைக் கணினியில் அலசுவது என் வேலை.

தம்பி, "மரபணு" என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயத்துக்குப் பயன்படுத்துவதால் வரும் பயம் இது. கட்டிக்குள் எந்த மரபணு திறந்திருக்கிறது என்பது அந்தக் கட்டியோடு முடிந்தது. அது அப்பாவுக்கோ உங்களுக்கோ வராது. பிறக்கும்போதே கொண்டுவருவது வேறு. ஈரல் கொழுப்பு விஷயத்தில் அப்படி முக்கியமானது பிஎன்பிஎல்ஏ3. 2008இல் அமெரிக்காவின் டாலஸில் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதத்தின் 148ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் ஈரல் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளி எளிதில் கரைவதில்லை. அந்த மாற்றத்தை அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வாங்கியவர்களுக்கு நார்க்கட்டு (ஈரலில் தழும்பு நார் படிவது), சிரோசிஸ் (அது முற்றி ஈரல் இறுகிவிடுவது), புற்று எல்லாவற்றுக்கும் வாய்ப்பு கூடுகிறது. இதே மாதிரி டிஎம்6எஸ்எஃப்2 என்று ஒன்றும் உண்டு. எதிர்ப்பக்கமும் இருக்கிறது: எச்எஸ்டி17பி13 என்ற மரபணு வேலை செய்யாமல் பிறந்தவர்களுக்கு ஈரல் நோய் முற்றுவது குறைவு என்று 2018இல் வெளியானது.

இதில் நான் எல்லாரிடமும் சொல்வது 2017இல் வந்த ஒரு முடிவு. அந்த பிஎன்பிஎல்ஏ3 மாற்றம் ஒல்லியானவர்களிடம் செய்யும் கெடுதல் கொஞ்சம்தான். எடை ஏற ஏற அதன் கெடுதல் பல மடங்காகிறது. பிறவியில் வந்த மரபணுவை மாற்ற முடியாது, ஆனால் அது எவ்வளவு கடிக்கும் என்பது நம் இடுப்பளவைப் பொறுத்தது. உங்களுக்கு ஃபேட்டி லிவர் என்பதால் சொல்கிறேன், இந்த மரபணு இருக்கிறதா என்று பரிசோதித்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றேதான்.

ஒரே ஒரு வளர்சிதை மாற்ற மரபணு கெட்டதாலேயே ஈரல் புற்று வருவதும் உண்டு. டைரோசினீமியா முதல் வகை என்று குழந்தைகளுக்கு வரும் அரிய பிறவி நோய். டைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் கடைசி நொதி இருக்காது, பாதியில் நின்றுபோன பொருள் ஈரலிலேயே தேங்கி அதை அரிக்கும். முன்பு அந்தக் குழந்தைகளில் பலருக்குச் சிறுவயதிலேயே ஈரல் புற்று வந்துவிடும். 1990களில் நிட்டிசினோன் மருந்து வந்தபின், பிறந்த சில வாரங்களில் கண்டுபிடித்துக் கொடுத்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடுகிறது. வளர்சிதை மாற்றக் கோளாறு பக்கவாட்டுச் சங்கதி இல்லை, அதுவே புற்றின் வித்தாக முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இப்போது ஏஜென்ட் விற்கும் டெஸ்ட். இந்த வகை ஆய்வுகள் எப்படிப் பிறக்கின்றன என்று எனக்கு உள்ளிருந்து தெரியும். பொதுவெளியில் அமெரிக்கத் திட்டம் ஒன்றின் தரவு இருக்கிறது. ஈரல் கட்டிகள் சுமார் 370, கூடவே நல்ல ஈரல் மாதிரிகள் 50. ஒவ்வொன்றிலும் 20,000 மரபணுக்களின் அளவு, நோயாளி எத்தனை நாள் உயிரோடு இருந்தார் என்ற கணக்கு. அதிலிருந்து வளர்சிதை மாற்ற மரபணுக்களை மட்டும் வடித்து, உயிர்வாழ்வோடு ஒத்துப்போகும் ஆறேழைப் பொறுக்கி, ஒரு மதிப்பெண் சூத்திரம் எழுதுவார்கள். மதிப்பெண் கூடியவர்கள் சீக்கிரம் இறந்தார்கள், குறைந்தவர்கள் அதிகம் வாழ்ந்தார்கள் என்று இரண்டு கோடு பிரிந்து ஓடும் படம் வரும். இப்படி நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இருக்கின்றன. ஒன்றில் வரும் மரபணுப் பட்டியல் இன்னொன்றில் வருவதில்லை. ஆனாலும் எல்லாவற்றிலும் கோடு அழகாகப் பிரிகிறது.

ஏன்? 2011இல் மார்பகப் புற்றுத் தரவை வைத்து ஒரு குழு இதைச் சோதித்தது. கண்ணை மூடிக்கொண்டு சும்மா பொறுக்கிய மரபணுப் பட்டியல்களில் பெரும்பாலானவையும் உயிர்வாழ்வைக் "கணித்தன". செல் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறதோ அதற்கேற்ப ஆயிரக்கணக்கான மரபணுக்கள் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. எதைத் தொட்டாலும் அந்த வேகத்தின் வால் கையில் சிக்கும். ஈரலில் இன்னொன்று: கட்டி ஈரல்தன்மையை இழக்க இழக்க, ஈரல் வேலைக்கான நூற்றுக்கணக்கான மரபணுக்களும் ஒன்றாக விழுகின்றன. அதில் எந்த ஏழு மரபணுவை எடுத்தாலும் அதே சேதிதான் கிடைக்கும். அந்தச் சேதியை ஸ்லைடு அண்ணன் சொன்ன சாயங்கள் ஏற்கெனவே உங்களுக்குச் சொல்லிவிட்டன.

நான் இந்த ஆய்வுகளை மட்டமாகப் பேசவில்லை. புற்று என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள அவை வேண்டும், மருந்துக்கு இலக்கு தேட வேண்டும். ஆனால் அங்கேயும் தாளில் இருப்பது உடம்பில் நடப்பதில்லை. பல ஈரல் கட்டிகள் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே செய்துகொள்ளும் நொதியை இழந்துவிடுகின்றன. அப்படியென்றால் ரத்தத்திலிருந்து ஆர்ஜினினை உறிஞ்சி எடுத்துவிட்டால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்று அருமையான யோசனை. மருந்தும் செய்தார்கள். மூன்றாம் கட்டப் பரிசோதனையில் நோயாளிகளின் ஆயுள் கூடவில்லை. இவ்வளவு தெளிவான காரணம் இருந்தும் அப்படி. ஏழு மரபணு மதிப்பெண்ணை நம்பித் தோப்புக் குத்தகையைக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

அந்த டெஸ்ட் முடிவால் பெரியப்பாவின் சிகிச்சையில் ஒரு மாத்திரையாவது மாறுமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள். மாறாது என்றால் கட்ட வேண்டாம்.

அரூர் மானாவாரி (புதன், இரவு 8.50)

நான் விவசாயி. ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் மானாவாரிக் கடலை. கடலைக்காயில் வரும் பூஞ்சணம் ஈரல் புற்றைத் தரும் என்று ஒரு கூட்டத்தில் கேட்டேன். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் குவியல் தார்ப்பாய்க்கு அடியிலேயே வெந்துவிடும். என் அம்மா களத்தில் உட்கார்ந்து காய் காயாக உடைத்துப் பார்ப்பார். சுருங்கினது, கறுத்தது, உள்ளே பச்சையாகத் தூள் படிந்தது எல்லாம் தனியாக ஒரு முறத்தில் போகும். அதை வீசமாட்டோம். செக்குக்குப் போகும், புண்ணாக்கு மாட்டுக்கு. இது சரிதானா?

ஓசூர்க்காரி (புதன், இரவு 9.30)

அண்ணா, கேட்டது ரொம்ப நல்லது. அந்தப் பச்சைத் தூளில்தான் அஃப்லடாக்ஸின் இருக்கும். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு மஞ்சள் காமாலை வந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அது ஒரேயடியாக அதிகம் சாப்பிட்டதால். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷம் போனால் புற்று.

இதிலும் வளர்சிதை மாற்ற மரபணுதான் நடுவில் நிற்கிறது. அஃப்லடாக்ஸின் அப்படியே இருந்தால் டிஎன்ஏவை ஒன்றும் செய்யாது. மருந்து மாத்திரையை உடைப்பதற்காக ஈரலில் இருக்கும் சைட்டோகுரோம் நொதிகள் அதையும் உடைக்கப் போய், டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் விஷமாக மாற்றிவிடுகின்றன. குளுட்டத்தியோன் நொதிகள் இன்னொரு பக்கம் அதைப் பிடித்து வெளியேற்றப் பார்க்கும். தப்பியது, புற்றைத் தடுக்கும் காவல்காரனான டிபி53 மரபணுவின் 249ஆவது இடத்தில் கைவரிசையைக் காட்டும். 1991இல் சீனா, ஆப்பிரிக்காவின் தென்பகுதி இரண்டு இடத்துக் கட்டிகளிலும் அதே இடத்தில் அதே மாற்றத்தைப் பார்த்தார்கள். குற்றவாளி விட்டுப்போன கைரேகை மாதிரி.

ஹெபடைடிஸ் பி கிருமியும் சேர்ந்தால் கணக்கு பெருக்கலாகிறது. ஷாங்காய் ஆண்களிடம் செய்த ஆய்வில் அஃப்லடாக்ஸின் மட்டும் என்றால் 3 மடங்கு, பி கிருமி மட்டும் என்றால் 7 மடங்கு, இரண்டும் சேர்ந்தால் 59 மடங்கு.

அந்த முறத்துக் காயைச் செக்குக்கு அனுப்பாதீர்கள். விஷத்தில் பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கி, மாடு தின்றால் பாலில் வேறு வடிவில் இறங்குகிறது. சுத்திகரிக்காத எண்ணெயிலும் கொஞ்சம் வரும். வறுத்தால் முழுதாகப் போகாது. எரித்துவிடுங்கள். அம்மா கையால் பொறுக்குகிறாரே, அதுதான் உலகத்திலேயே பலன் நிரூபணமான வழிகளில் ஒன்று. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பென்னாகரம் வாசி (வியாழன், காலை 8.05)

நம் ஜில்லாவில் ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013இல்தான். ஈரல் புற்றுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

ஸ்லைடு பார்ப்பவன் (வியாழன், காலை 8.20)

ஃப்ளோரைடு கெடுப்பது பல்லையும் எலும்பையும். ஈரல் புற்றின் காரணப் பட்டியலில் அது கிடையாது. பி, சி கிருமிகள், குடி, சுகரோடு வரும் கொழுப்பு ஈரல், அஃப்லடாக்ஸின் இவைதான் பெரிய காரணங்கள்.

தேன்கனி (வியாழன், மதியம் 12.45)

கீழாநெல்லி கொடுக்கலாமா? எங்கள் வீட்டில் காமாலைக்கு அதுதான். பாலக்கோட்டுத் தம்பியின் பெரியப்பாவுக்கும் மோரில் அரைத்துக் கொடுத்தால் ஈரல் தேறும்.

காரிமங்கலம் அக்கா (வியாழன், மதியம் 2.10)

தேன்கனி, அக்கறையோடு சொன்னீர்கள், ஆனால் இங்கே வேண்டாம். 1988இல் சென்னையில் செய்த ஆய்வு ஒன்றில், கீழாநெல்லி சாப்பிட்ட ஹெபடைடிஸ் பி கிருமியாளர் 37 பேரில் 22 பேருக்குக் கிருமி மறைந்தது என்று உலகப் பத்திரிகையிலேயே வந்தது. நாங்கள் எல்லாரும் பெருமைப்பட்டோம். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பெரியப்பாவுக்குப் பி கிருமி இருப்பதாகத் தம்பி சொல்லவும் இல்லை. ஆபரேஷன் ஆன ஈரலுக்கு டாக்டருக்குத் தெரியாமல் எதுவும் போகக் கூடாது.

தம்பி, பயாப்சி ரிப்போர்ட்டின் கடைசி வரியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நார்க்கட்டு நிலை 3. சிரோசிஸுக்கு முந்தைய படி அது. கட்டி போய்விட்டது, அதை வளர்த்த நிலம் அப்படியே இருக்கிறது.

ஸ்லைடு பார்ப்பவன் (வியாழன், இரவு 9.55)

அக்கா சரியான இடத்தில் கை வைத்தார். இந்த இழையில் நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயமே அதுதான்.

ஈரல் புற்றை வெட்டி எடுத்தபின் 5 வருஷத்துக்குள் பத்தில் ஏழு பேர் வரைக்கும் மீண்டும் வருகிறது. முதல் 2 வருஷத்தில் வருவது பெரும்பாலும் பழைய கட்டியின் சிதறல். அதற்குப் பிறகு வருவது பல நேரம் மிச்ச ஈரலில் புதிதாக முளைப்பது. 2008இல் ஓர் ஆய்வு கட்டியையும் சுற்றியுள்ள ஈரலையும் தனித்தனியாக எடுத்து மரபணுக்களை அளந்தது. நோயாளி எவ்வளவு காலம் இருப்பார் என்பதைக் கட்டி சொல்லவில்லை, சுற்றியுள்ள ஈரல்தான் சொன்னது. 186 மரபணுக்கள், எல்லாம் கட்டிக்கு வெளியே உள்ள திசுவில்.

அதனால் குத்தகைப் பணத்தைச் செலவழிக்க இடம் தேடினால் இதோ: சிடி அல்லது எம்ஆர்ஐ, முதல் 2 வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை, பிறகும் 6 மாதத்துக்கு ஒரு முறை, தவறாமல். சுகர் கட்டுக்குள். எடை குறைப்பது டாக்டர் சொல்லும் அளவுக்கு, பட்டினி போட்டு அல்ல. ஆபரேஷன் ஆனவருக்குத் தசை கரையக் கூடாது, முட்டையும் பருப்பும் வேண்டும். சொட்டுச் சாராயம் கூடாது.

உங்களுக்கும் அப்பாவுக்கும் ஒரு கணக்கு சொல்கிறேன், காசில்லாதது. ஃபிப் 4 என்பார்கள். ரத்த ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்று இரண்டு ஈரல் நொதிகளின் அளவு இருக்கும். வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள். அதைத் தட்டணுக்களால் (2.30 லட்சம் என்றால் 230 என்று எடுத்துக்கொள்ளுங்கள்) வகுத்து, வருவதை எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தால் வகுங்கள். 1.3க்குக் கீழே என்றால் நார்க்கட்டு முற்றியிருக்க வாய்ப்பு குறைவு. 2.67க்கு மேலே என்றால் உடனே ஈரல் டாக்டர். நடுவில் என்றால் ஃபைப்ரோஸ்கேன், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஸ்கேன் அது.

காரிமங்கலம் அக்கா (வியாழன், இரவு 10.20)

சுகர் மாத்திரை வாங்கும் எல்லாருக்கும் இந்தக் கணக்கைப் போட வேண்டும் என்பது என் ஆசை. மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான், 2021 ஆகஸ்ட் 5. மாத்திரை வீட்டுக்கே வருகிறது. 2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசும் தொற்றா நோய்த் திட்டத்தில் கொழுப்பு ஈரலைச் சேர்த்துவிட்டது. வழி இருக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். அப்புறம் வீட்டில் பிள்ளை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி ஊசி. தைவான் 1984இல் பி கிருமி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1986இல் எல்லாக் குழந்தைக்கும் போட ஆரம்பித்தது, அங்கே சிறுவர்களின் ஈரல் புற்றே குறைந்துவிட்டது.

பாலக்கோட்டுப் பையன் (சனி, இரவு 11.15)

எல்லாருக்கும் நன்றி. நேற்று பெரியப்பாவின் டாக்டரைப் பார்த்தோம். "அந்த டெஸ்ட்டால் மருந்து மாறுமா?" என்று பெரியம்மாவே கேட்டார். மாறாது என்றார். ஏஜென்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அடுத்த எம்ஆர்ஐ தேதி வாங்கியாயிற்று.

ராத்திரி மூன்று பேருக்கும் ஃபிப் 4 போட்டேன். எனக்கு 38 வயது, எஸ்ஜிஓடி 42, எஸ்ஜிபிடி 64, தட்டணு 2.30 லட்சம். 0.87 வந்தது.

பெரியப்பாவின் ஃபைலில் மூன்று வருஷத்துக்கு முந்தைய ரத்த ரிப்போர்ட் ஒன்று கிடைத்தது, சுகருக்காக எடுத்தது. அப்போது 58 வயது. எஸ்ஜிஓடி 68, எஸ்ஜிபிடி 49, தட்டணு 1.40 லட்சம். 4.02. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், அதேதான். மூன்று வருஷமாக அந்தக் காகிதம் பீரோவில் பட்டாவோடு சேர்ந்து இருந்திருக்கிறது. பெரியப்பாவிடம் இதைச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு 57. எஸ்ஜிஓடி 45, எஸ்ஜிபிடி 36, தட்டணு 1.85 லட்சம். 2.31. அண்ணே, நீங்கள் சொன்ன நடுவிடம். வியாழக்கிழமை காலை ஃபைப்ரோஸ்கேனுக்குத் தருமபுரி கூட்டிக்கொண்டு போகிறேன். வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். முந்தின ராத்திரிக் களியை எட்டு மணிக்குள் முடித்துவிடும்படி அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். முடிவு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.